கண்ணில் முளைத்த களை

ஈரமாக இருக்கும்போது புல்லை வெட்டக் கூடாது, ஐயா. நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. ஈரப் புல் கத்திக்கு வளைந்து கொடுக்குமே தவிர அறுபடாது, கிழிந்துபோகும். கிழிந்த நுனி மறுநாள் பழுத்துவிடும். நான் உள்ளே வந்ததும் என் விரல்களைப் பார்த்து, "என்னப்பா, புல்லு வெட்டிட்டு நேரா வர்றியா?" என்று கேட்டீர்களே, அதனால் சொல்கிறேன். இது புல் கறை இல்லை. பச்சைப் பெயிண்ட். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹாரன் மாமா தூங்கினாரா இல்லையா என்று சாட்சி சொல்லத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் மனிதர், பட்டப்பகலில், நேரான தெருவில், பேருந்தைக் கொண்டுபோய் என் வீட்டுப் புல்வெளியில் ஏற்றிவிட்டார். தூங்கிவிட்டேன் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அது நிலைத்துவிட்டால் லைசென்ஸ் போய்விடும். பேருந்தைத் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாத மனிதர், ஐயா. குடும்பத்தைக்கூட அவர் மனைவிதான் ஓட்டுகிறார்.

அவர் தூங்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடும்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பவன். ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, அதில் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்பது என் வேலை. நாள் முழுக்க இதையே கேட்பவனுக்கு இதுவே சுபாவமாகிவிடும். செருப்பு வாங்கப் போனாலும் எனக்கு இதுவா அதுவா என்றுதான் இருக்கும். "உனக்குப் பசிக்குதா இல்லையான்னு நீ முடிவு பண்றதுக்குள்ள நான் பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துடுறேன்" என்பாள் அக்கா.

நாங்கள் இருவரும் இருப்பது தெருவின் கடைசி வீடு. அதற்கு அப்பால் ஒரு காலி மனை. அதில் புல் தன் இஷ்டத்துக்கு வளர்ந்து கிடக்கும். மாலையில் ஹாரன் மாமா பேருந்தை அங்கேதான் நிறுத்துவார். அவர் வீடு எங்களுக்கு நேர் எதிரே. எங்கள் வீட்டின் முன்னால் இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு புல்வெளி. எதிலும் முடிவெடுக்கத் தெரியாதவனுக்குத் தன் பேச்சைக் கேட்கும் ஓர் இடமாவது வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மனிதர்கள் கேட்கவில்லை. புல் கேட்கும் என்று நினைத்தேன். தோட்டப் பராமரிப்புக்கு மாலை வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன்.

எங்கள் ஆசிரியையை எல்லோரும் புல் டீச்சர் என்போம். முதல் வகுப்பிலேயே அவர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். "சொந்தக்காரன் கண்ணுக்குக் களை தெரியவே தெரியாது. அடுத்த வீட்டுக்காரன் கண்ணுலதான் அது முதல்ல முளைக்கும்." இது ஒன்று. "மேலாகக் கிள்ளாதீங்க. வேர் எங்க இருக்குன்னு பாத்து அங்க கை வைங்க." இது இன்னொன்று. பிறகு நான் செய்ததெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும். அவர் மேல் பழி போடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல ஆசிரியை.

நான் முறையாகச் செய்தேன். கண்ணாடி பிரேமின் திருகைப் பிடிக்கும் சின்ன இடுக்கியைக் கடையிலிருந்து கொண்டுவந்து கோரையைப் பிடுங்கினேன். ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். சமையலறை முள்கரண்டியால் மண்ணைக் கிளறினேன். அக்கா தட்டு முன்னால் உட்கார்ந்து, "முள்கரண்டி எங்கடா?" என்பாள். ஜன்னலுக்கு வெளியே கை காட்டுவேன். புல்லை மிதிக்கக் கூடாது என்பதால் அவள் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். "என்னைப் பாத்தா நண்டு மாதிரி இருக்குன்னு ஆபீஸ்ல சொல்றாங்க" என்றாள் ஒருநாள். நடை கெட்டது எனக்கும் வருத்தம்தான். ஆனால் புல் அப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மாலை, ஹாரன் மாமா பேருந்தை நிறுத்திவிட்டு வந்தார். சாவியைச் சுழற்றிக்கொண்டே எங்கள் வாசலில் நின்றார். புல்லைப் பார்த்தார்.

"தம்பி, ரொம்பக் களையா இருக்குப்பா."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

களை என்றால் அழகு என்றும் பொருள் உண்டு என்பது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும், ஐயா. நான் அவசரப்பட்டவன் இல்லை. லென்ஸை மாற்றுவதுபோல் இரண்டு பொருளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் முகம் களையாக இருக்கும். விருந்தாளிகள் வந்தால் வீடு களைகட்டும். இரண்டிலும் மனிதர்கள் வருகிறார்கள். புல்லுக்கு முகம் கிடையாது. எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகளும் கிடையாது. வந்தால் மிதிப்பார்கள் என்று நான்தான் நிறுத்திவைத்திருந்தேன். மிஞ்சியது ஒரே பொருள்தான். தவிர, அடுத்த வீட்டுக்காரன் கண்ணில்தான் முதலில் முளைக்கும் என்று முதல் வகுப்பிலேயே படித்திருந்தேன்.

மண்டியிட்டுத் தேடினேன். கடையில் லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தேடினேன். ஒரு களையும் அகப்படவில்லை. சொந்தக்காரனுக்குத் தெரியாது என்று டீச்சர் சொன்னது எவ்வளவு சரி என்று ஆச்சரியப்பட்டேன். அடுத்த வாரமும் மாமா, "நாளுக்கு நாள் களை கூடிட்டே போகுது தம்பி" என்றார். அதன் பிறகு பேருந்தில் எங்கள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் புல்லைப் பார்த்து ஒரு சின்ன ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். பேருந்துப் பிள்ளைகளும் ஜன்னல் வழியாகக் கை ஆட்டினார்கள். ஒரு மனிதனை அவன் வாசலிலேயே இப்படிக் கேலி செய்யலாமா என்று நினைத்துக்கொண்டேன்.

களையின் வேர் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். மண்ணில் இல்லை. தேடிப் பார்த்தாகிவிட்டது. அவர் கண்ணில் இருந்தது.

அவராகத்தான் கடைக்கு வந்தார். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தூரத்துப் பலகை மங்கலாகத் தெரிகிறது, பள்ளியில் கண் சான்றிதழ் வேறு கேட்கிறார்கள் என்றார். நான் ஒழுங்காகப் பரிசோதித்தேன். கிட்டப்பார்வை. நல்ல பவர் வேண்டியிருந்தது. சரியான பவரைப் போட்டதும் கடைக்கு வெளியே பார்த்து, "அட, அந்த மரத்துல இலை இலையா தெரியுதே!" என்றார். இலை இலையாக. இந்தக் கண்ணோடு இவர் எதிர் வீட்டில் உட்கார்ந்தால் என் புல்லில் என்னவெல்லாம் எண்ணுவார்.

கொஞ்சம் குறைத்து எழுதினேன். முதல் தடவை போடுகிறவர்களுக்குச் சில சமயம் குறைத்துத்தான் கொடுப்போம், தலைசுற்றாமல் இருக்க. சான்றிதழில் பார்வை நன்று என்று எழுதினேன். அது பொய் இல்லை. சரியான கண்ணாடி போட்டால் அவர் பார்வை நன்றாகத்தான் இருக்கும்.

"கொஞ்சம் மங்கலா இருக்கே தம்பி?"

"பழகக் கொஞ்ச நாள் ஆகும் மாமா."

இதை நாங்கள் எல்லோரிடமும் சொல்வோம். எல்லோரும் நம்புவார்கள்.

அந்த வாரமே அவர் வாசலில் நின்று, புதுக் கண்ணாடி வழியாகப் புல்லைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக, "இப்பதான்யா இன்னும் களையா தெரியுது! பச்சைப் பசேல்னு ஒரே விரிப்பா!" என்றார். நான் அன்று சாப்பிடவில்லை. பவரைக் குறைத்த பிறகும் களை கூடுதலாகத் தெரிகிறது என்றால் என் கணக்கில்தான் பிழை. போதிய அளவு குறைக்கவில்லை. "மாமா, கண்ணாடியைக் குடுங்க, கொஞ்சம் சரி பண்ணித் தர்றேன்" என்று வாங்கி, இன்னும் குறைத்தேன். மங்க மங்க அவருக்கு என் புல் மேலும் களையாகத் தெரிந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் மேலும் குறைத்தேன், பூஜ்யத்தையும் தாண்டி எதிர்ப் பவர் வரைக்கும். இப்போது திரும்பிப் பார்த்தால் இதில் எங்கோ ஓர் இடத்தில் நான் நின்றிருக்கலாம் என்று படுகிறது. எந்த இடம் என்பதில்தான் எனக்கு உறுதி இல்லை.

பக்கத்து வீட்டுத் தையல் அத்தை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். அவர் ஒருநாள், "ஓரம் கோணலா வெட்டியிருக்கியேடா" என்றார். அது உண்மை. கோணல்தான். ஆனால் திரும்ப வெட்டினால் புல்வெளி இன்னும் குறுகிவிடும். அவர் கண்ணாடியை மாற்ற வந்தபோது லென்ஸின் அச்சைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். அதன் பிறகு ஓரம் அவருக்கு நேராகத் தெரிந்தது. மற்றதெல்லாம்தான் கோணிவிட்டது. அந்தப் பருவத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளின் சீருடையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அக்காவும் ஒரு சட்டை தைத்துக்கொண்டாள். "நடைதான் நண்டுன்னா இப்ப கையும் நண்டா?" என்றாள். அது என் துறை இல்லை.

ஹாரன் மாமாவிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. எங்கள் வாசல் குப்பைத் தொட்டியைப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்கு ஆபீஸ் போகலையா?" என்று விசாரித்தார். ஜன்னலில் நின்ற அக்கா, "நான் அவ்ளோ குண்டாவாடா இருக்கேன்?" என்று என்னைக் கேட்டாள். அவர் மனைவி ஒரு மாலை தங்கள் வீட்டு வேலிக்கு அப்பாலிருந்து, "தம்பி, இவரு பக்கத்துல வந்து நின்னாத்தான் நான் யாருன்னே கண்டுபிடிக்கிறாரு. கல்யாணமான புதுசுல இருந்த மாதிரி உத்து உத்துப் பாக்கறாரு. கண்ணாடி சரியாத்தான் இருக்கா?" என்று கேட்டார். பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்றேன்.

அந்தக் கண்ணாடியோடு எத்தனை நாள் பிள்ளைகளை ஏற்றிப் போனார் என்று இப்போது கேட்கிறீர்கள். பள்ளி இருந்த நாளெல்லாம். அந்தப் பாதை அவருக்குப் பழக்கம். கையும் காலும் தானாக ஓட்டும் என்று அவரே சொல்வார். அதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

வகுப்பு முடிவில் டீச்சர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து புல்வெளியைப் பார்ப்பார். என் முறை சனிக்கிழமை. புல்லைச் சுற்றி வெள்ளையடித்த செங்கற்களைப் பதித்திருந்தேன். ஓரம் பளிச்சென்று இருந்தால் கண் ஓரத்துக்குப் போய்விடும், புல்லில் நிற்காது என்று டீச்சர் ஒருமுறை சொல்லியிருந்தார். அதனால் காலையிலேயே எழுந்து செங்கல்லுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். அடித்து முடித்ததும் எங்கள் புல்லும் பக்கத்துக் காலி மனையும் ஒரே விரிப்பாகத் தெரிந்தன. இடம் பெரிதாகிவிட்டது போல இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

பேருந்தைக் காலி மனைக்குள் திருப்ப மாமாவுக்கு அந்த வெள்ளைச் செங்கல்தான் அடையாளம் என்பது எனக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு அந்தத் தெருவில் மிச்சம் இருந்தது அந்த ஒரு வெள்ளைக் கோடுதான். இதை நான் யோசித்திருக்கலாம்.

டீச்சர் வந்தார். வகுப்பிலிருந்து மூன்று நான்கு பேரும் கூட வந்தார்கள். அரை நாள் பள்ளி. மாமா கடைசிப் பிள்ளையை முந்திய தெருவில் இறக்கிவிட்டு, வெறும் பேருந்தோடு திரும்பிக்கொண்டிருந்தார். பேருந்து வெறுமையாக இருந்தது தற்செயல். அதை என் திட்டம் என்று சொல்லி நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை. டீச்சர் குனிந்து புல்லைத் தடவி, "அடர்த்தி பரவாயில்லையே" என்றார். அந்த நேரம் வழக்கமான சின்ன ஹாரன் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு என் புல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன, ஐயா. அதனால்தான் சொல்கிறேன், தூங்கவில்லை என்று. பச்சையைப் பார்த்தார். பச்சையில்தான் தினமும் நிறுத்துவார். திருப்பினார்.

டீச்சர் பக்கத்து வீட்டுச் செடி வேலியைத் தாண்டிக் குதித்தார். அந்த வயதில் அவ்வளவு உயரம் குதிப்பார் என்று வகுப்பில் யாரும் எதிர்பார்க்கவில்லை. முன்சக்கரம் புல்வெளியின் நடுவில் வந்து, வராந்தாத் தூணில் முட்டி நின்றது. மாமாவின் மணிக்கட்டு உடைந்தது. அவர் கீழே இறங்கி, உடைந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, காலடியில் குனிந்து பார்த்துவிட்டு முதலில் சொன்னது: "ஐயையோ தம்பி, உன் புல்லு!"

நீங்கள் போட்டு வைத்திருக்கும் கேள்விக்கு இத்துடன் பதில் கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்லச் சொல்லி அக்கா அனுப்பியிருக்கிறாள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எனக்குத் துணைக்கு. நீயாகச் சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று அவள் கேட்டது உண்மை. ஆனால் நான் நானாகத்தான் சொல்கிறேன்.

மறுநாள் அவரைப் பார்க்கப் போனோம். கையில் மாவுக்கட்டு. அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா, "கண்ணாடியில ஏதாவது கோளாறா மாமா?" என்று கேட்டாள். அவள் சந்தேகப்பட்டுத்தான் கேட்டாள் என்று இப்போது தெரிகிறது.

"சேச்சே. தம்பி கைப்பட பாத்துப் போட்டுக் குடுத்தது. அதுல எப்படிம்மா தப்பு இருக்கும்? நான்தான் கண்ணசந்திருப்பேன். அப்படித்தான் எழுதிக் குடுத்துட்டேன். கண்ணு கோளாறுன்னு எழுதினா தம்பி குடுத்த சர்டிபிகேட்டையில்ல நோண்டுவாங்க? சின்னப் பையன், அவன் வேலை போயிடக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். நான் கட்டிலின் இந்தப் பக்கம் இருந்தேன். அவர் அந்தப் பக்கம் மாட்டியிருந்த என் குடையைப் பார்த்துப் பேசினார். "மனசே ஆறலை தம்பி. நம்ம தெருவுக்கே அந்தப் புல்லுதான் களை. அதைப் போய்க் கெடுத்துட்டேனே. பிள்ளைங்க எல்லாம் தினம் கேக்கும், 'மாமா, புல்லுக்கு ஹாரன் அடிங்க'ன்னு. சாயங்காலம் அதைப் பாத்தாத்தான் எனக்கு அலுப்பே போகும்."

நான் அக்காவிடம் மெதுவாக, "கேட்டியா, இப்பக்கூடக் களைங்கறாரு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எப்படிச் சொல்வது. "மண்டு. அழகுன்னு சொல்றாருடா. இத்தனை நாளா அழகுன்னுதான்டா சொல்லிட்டிருக்காரு."

மறுபடியும் இரண்டு பொருளையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை இரண்டாவது கொஞ்சம் தெளிவாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். பையில் சரியான பவர் போட்ட கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். முந்தின நாள் அவருடைய கண்கள் திறந்திருந்ததைப் பார்த்த பிறகு அதைச் செய்து வைத்திருந்தேன். அதை நானே அவருக்கு மாட்டிவிட்டேன். அவர் மெல்லத் தலையைத் திருப்பி அறையைப் பார்த்தார். சுவர்க் காலண்டரில் தேதியைப் படித்தார். மனைவியைப் பார்த்து, "ஏய், எப்ப இவ்ளோ நரைச்சுது உனக்கு?" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறுதலுக்காக நான் கைபேசியில் புல்வெளியின் படத்தைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை, பேருந்து ஏறுவதற்கு முந்தின நாள் எடுத்தது. அவர் ஆசையாக வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஆமா, இந்த மூலையில நாலஞ்சு கோரை நிக்குதே தம்பி? நீ பாக்கலையா?"

நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

"மாமா, கண்ணாடி மூக்குல கொஞ்சம் இறங்குது. குடுங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று கழற்றி வாங்கிக்கொண்டேன். இதோ, உங்கள் மேஜையில் வைக்கிறேன். பழையதையும் வைக்கிறேன். எது எது என்று நீங்களே போட்டுப் பார்த்தால் தெரியும். அவருடைய பவரைக் குறைத்தவன் நான். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும், தெரிந்தே. அவர் தூங்கவில்லை. முழு விழிப்போடு இருந்தார், நான் விட்டுவைத்த பார்வையோடு. அவர் லைசென்ஸில் கை வைக்காதீர்கள். இதை எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

அந்தப் படத்தை நீங்களும் கேட்டு வாங்கிப் பார்த்தீர்கள். கையை நீட்டி, தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "களையாத்தானேப்பா இருந்திருக்கு" என்றீர்கள். எந்தப் பொருளில் சொன்னீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கு இப்போது இரண்டும் தெரியும். ஆனால் இந்த வயதில் இப்படித் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதை அலட்சியப்படுத்தக் கூடாது, ஐயா. என்னை எப்போது வெளியே விட்டாலும் ஒருநாள் கடைப்பக்கம் வாருங்கள். நானே பார்த்துப் போட்டுத் தருகிறேன். முதலில் கொஞ்சம் மங்கலாக இருக்கும். பழகக் கொஞ்ச நாள் ஆகும்.